தாரும் கூழையும்

பண்டைத் தமிழர் படையை வகுத்த முறையில் இரண்டு சொற்கள் உண்டு. முன்னே பாய்ந்து பகைவரைத் தாக்கும் பகுதியைத் தார் என்றும், அதன் பின்னே நின்று தாங்கும் பகுதியைக் கூழை என்றும் அவர்கள் வழங்கினர். புகழ் பெரும்பாலும் தாருக்கே சென்று சேரும். ஆயினும், போர் ஒரு நாளில் முடியாமல் பல நாள் நீடிக்குமாயின், கூழை வலிதாக உள்ள படையே களத்தில் நிலைக்கும். முன்னணியில் ஒருவன் வீழ்ந்தால் அவ்விடத்தை நிரப்ப மற்றொருவன் ஆயத்தமாக இருக்கின்றானா என்பதே அங்குக் கேள்வி.

நேயர்களே, இவ்விரு சொற்களையும் நினைவில் நிறுத்திக்கொண்டு நான் இன்று பேசப் புகுவது போர்க்கள வரலாறு அன்று; ஆடுகள வரலாறு. கனடா நாட்டில் 1988ஆம் ஆண்டு ஓர் அணி தன் தலைசிறந்த ஆட்டக்காரரைப் பணத்திற்கும் வேறு சில ஆட்டக்காரர்களுக்கும் மாற்றாக அயல்நாட்டு அணியொன்றிற்குக் கொடுத்துவிட்டது. நாடே அதிர்ந்தது. அம்மாற்றத்தால் யார் பெற்றனர், யார் இழந்தனர் என்னும் வழக்கு அன்றிலிருந்து நடைபெற்று வருகின்றது. மாணவ நண்பர்கள் அவ்வழக்கைத் தாமே ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் பொருட்டு, சான்றுகளை முறையாக அடுக்கித் தருவதே என் நோக்கம். என் தீர்ப்பையும் முடிவிற் சொல்வேன்.

ஹாக்கி என்றவுடன் நமக்குப் புல்தரையும், வளைந்த மட்டையும், பந்தும் நினைவிற்கு வரும். கனடா நாட்டினருக்கோ ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் ஆடும் ஆட்டமே. ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடைய உறைபனித் தளம். அதனைச் சுற்றிலும் பலகைச் சுவர். காலில் கத்தி பொருத்திய காலணி. பந்திற்குப் பதிலாக 3 அங்குல விட்டமுள்ள கெட்டியான ரப்பர் வட்டு. ஒரு பக்கத்திற்கு ஆறு பேர். அவருள் ஒருவர் வலையைக் காப்பவர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நிகழும்.

இவ்வாட்டத்தில் ஒரு தனி இயல்பு உண்டு. பனியின்மேல் முழு வேகத்தில் சறுக்கி ஓடுவது உடலை விரைவில் களைக்கச் செய்வது. ஆதலின் ஓர் ஆட்டக்காரர் தொடர்ந்து ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே களத்தில் நிற்பார். பின்பு பெஞ்சிற்குத் திரும்புவார். வேறொருவர் குதித்து இறங்குவார். ஆட்டத்தை நிறுத்தாமலேயே இந்த மாற்றம் ஓயாமல் நடைபெறும். இதற்காக ஓர் அணி இருபது பேரை உடையணிவித்து நிறுத்துகின்றது. தாக்குவோர் மூவர் மூவராக நான்கு வரிசை. காப்போர் இருவர் இருவராக மூன்று இணை. வலை காப்பவர் இருவர். எத்துணைப் பெரிய ஆட்டக்காரராயினும் அறுபது நிமிடங்களுள் இருபது, இருபத்தைந்து நிமிடங்களே ஆட இயலும். எஞ்சிய நேரத்தை மற்றவரே தாங்கவேண்டும். கூழை என்று நான் சொன்னது இதனையே. பனி ஹாக்கியைப்போல ஆள்பலத்தின் ஆழத்தைச் சோதிக்கும் ஆட்டங்கள் உலகில் மிகச் சிலவே உள்ளன.

இனி, வரலாற்றிற்கு வருவோம். வெய்ன் கிரெட்ஸ்கி என்பவர் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிரான்ட்ஃபர்டு என்னும் ஊரில் 1961ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே நாடறிந்த ஆட்டக்காரர் ஆனார். 1978இல், பதினேழு வயது நிரம்பியிருந்த நிலையில், அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரத்து அணி ஒன்றில் சேர்ந்தார். அவ்வணியின் உரிமையாளருக்குப் பணமுடை நேர்ந்தது. ஒரு சில வாரங்களிலேயே அவ்விளைஞரை வேறிருவரோடு சேர்த்து எட்மன்டன் ஆயிலர்ஸ் என்னும் அணிக்கு விற்றுவிட்டார். ஆகவே கிரெட்ஸ்கி எட்மன்டனுக்கு வந்ததே ஒரு விற்பனையினால்தான். இதனை மறவாமல் இருக்க வேண்டும்; ஏனெனில் பின்னர் நிகழ்ந்த விற்பனைக்காக நெஞ்சம் புழுங்கிய அந்நகரத்தார், முன்னதற்காக மகிழ்ந்தவர்களே ஆவர்.

எட்மன்டன், ஆல்பர்ட்டா மாநிலத்தின் தலைநகரம். மக்கள்தொகை அக்காலத்தில் 6 இலட்சத்திற்கும் குறைவு. குளிர்காலம் நீண்டது, கடுமையானது. ஆயிலர்ஸ் அணியின் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன் என்னும் வணிகர். கிரெட்ஸ்கியின் பதினெட்டாம் பிறந்த நாளன்று, 1979 ஜனவரியில், ஆடுகளத்தின் நடுவிலேயே 21 ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். அவ்வாண்டே ஆயிலர்ஸ் அணி தேசிய ஹாக்கி லீக் எனப்படும் பெருங்கூட்டமைப்பில் இடம்பெற்றது. அதன் ஆட்டக்காரர்கள் போற்றும் பரிசு ஸ்டான்லி கோப்பை. கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் வழங்கிய கோப்பை அது.

கிரெட்ஸ்கியின் ஆற்றலை எண்களால் ஓரளவு உணரலாம். இவ்வாட்டத்தில் கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி. அதற்கு வட்டை எடுத்துக் கொடுத்துத் துணைநின்றவருக்கும் ஒரு புள்ளி. 1981-82 பருவத்தில் 80 ஆட்டங்களில் கிரெட்ஸ்கி 92 கோல் போட்டார். 120 கோல்களுக்குத் துணைநின்றார். ஆக 212 புள்ளிகள். 1985-86இல் 215 புள்ளிகள் எடுத்தார். அவற்றுள் 163 பிறர் போட்ட கோல்களுக்குத் துணைநின்றதால் வந்தவை. இந்த 163 என்னும் எண்ணை நான் மிகவும் மதிக்கின்றேன். அவர் தாமாகப் போட்ட கோல்களைவிடப் பிறரைப் போடச் செய்தவை மூன்று மடங்குக்கும் மேல். அவர் தாராக மட்டும் நின்றவர் அல்லர். கூழையையும் தாராக மாற்றியவர்.

ஆயினும் அக்கூழை எங்கிருந்து வந்தது? இதற்கு லீக்கின் தேர்வுமுறையை அறிய வேண்டும். ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். முதற்சுற்றில் எல்லா அணிகளும் ஒவ்வொருவரை எடுத்த பின்பு இரண்டாம் சுற்று, பின்பு மூன்றாம் சுற்று எனத் தொடரும். எட்மன்டன் அணி 1979இல் கெவின் லோ, மார்க் மெஸ்ஸியே, கிளென் ஆண்டர்சன் ஆகியோரையும், 1980இல் பால் காஃபி, பின்லாந்து நாட்டு யாரி குர்ரி, ஆண்டி மூக் ஆகியோரையும், 1981இல் கிரான்ட் ஃபூர் என்பவரையும் எடுத்தது. மெஸ்ஸியே 48ஆவதாகவும், ஆண்டர்சனும் குர்ரியும் 69ஆவதாகவும், மூக் 132ஆவதாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதாவது, மற்ற அணிகள் பன்முறை பார்த்து ஒதுக்கிய இளைஞர்கள் இவர்கள். மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்த இந்தத் தேர்வே பின்னாளைய வெற்றிகளுக்கெல்லாம் வித்து. 1984, 1985, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை எட்மன்டனுக்கு வந்தது.

நான்காம் கோப்பை வென்று மூன்று மாதம்கூட நிறையவில்லை. 1988 ஜூலையில் கிரெட்ஸ்கியின் திருமணம் எட்மன்டன் நகரமே திரண்டு வாழ்த்த நிகழ்ந்தது. ஆகஸ்டு 9ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணிக்கு அவர் மாற்றப்பட்டார் என்ற செய்தி வெளிவந்தது. செய்தியாளர் முன் பேச எழுந்த கிரெட்ஸ்கி கண்ணீர் பெருகிப் பேச்சை முடிக்க இயலாமல் அமர்ந்தார்.

மாற்றத்தின் விவரம் இது. எட்மன்டன் கொடுத்தது மூவரை: கிரெட்ஸ்கி, மார்ட்டி மக்ஸோர்லி, மைக் குருஷெல்னிஸ்கி. லாஸ் ஏஞ்சல்ஸ் கொடுத்தவை: முந்தைய பருவத்தில் 55 கோல் போட்டிருந்த ஜிம்மி கார்சன் என்னும் இருபது வயது இளைஞர், அவ்வாண்டுத் தேர்வில் அப்போதுதான் எடுக்கப்பட்டிருந்த பதினெட்டு வயது மார்ட்டின் ஜெலினா, 1989, 1991, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதற்சுற்றுத் தேர்வு உரிமைகள், இவற்றோடு 1.5 கோடி அமெரிக்க டாலர். மக்ஸோர்லி போன்றோரைத் தம்முடன் அனுப்புமாறு கிரெட்ஸ்கியே கேட்டுக்கொண்டார் என்பதும் இங்கு நோக்கத்தக்கது. புதிய இடத்திற்குச் செல்லும் தார், தனக்கென ஒரு சிறு கூழையை உடன்கொண்டு செல்ல விரும்பியது.

கனடா முழுவதும் துயரமும் சினமும் பரவின. நாடாளுமன்றத்தில் புதிய சனநாயகக் கட்சியின் உறுப்பினர் நெல்சன் ரீஸ், அரசாங்கம் தலையிட்டு இவ்விற்பனையைத் தடுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். பாக்லிங்டனின் உருவப்பொம்மை கொளுத்தப்பட்டது. ஓர் ஆட்டக்காரரின் இடமாற்றம் எவ்வாறு நாட்டின் தன்மானப் பிரச்சினை ஆயிற்று என்று நாம் வியக்கலாம். அமெரிக்காவின் செல்வமும் சினிமாவும் இசையும் எல்லை கடந்து பாய்ந்துகொண்டிருந்த காலத்தில், இஃது எங்களுடையது என்று கனடா நாட்டினர் மார்தட்டிச் சொல்லிக்கொள்ள இருந்தவற்றுள் முதன்மையானது பனி ஹாக்கி. அதன் அரசனை விலைகொடுத்து வாங்கிச் சென்றவர்கள், பனிப்பொழிவு மிக அரிதான லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தவர். புண் ஆழமாகப் பட்டதற்குக் காரணம் இதுவே.

உரிமையாளர் தரப்பு வாதத்தையும் நடுநிலையோடு கேட்போம். 21 ஆண்டு ஒப்பந்தம் இடையில் மாற்றி எழுதப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் அது முடிவுற்றதும் கிரெட்ஸ்கி தம் விருப்பப்படி வேறு அணிக்குச் செல்லலாம்; அப்போது எட்மன்டனுக்கு ஒரு காசும் ஓர் ஆளும் கிடையா. எனவே விலை உச்சத்தில் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது அறிவுடைமை என்பது அவ்வாதம். பாக்லிங்டனின் பிற தொழில்கள் பணமுடையில் இருந்தன என்பதும் மறைபொருள் அன்று. வாதத்தின் முற்பகுதி அணியின் நலம் பற்றியது. பிற்பகுதி உரிமையாளரின் நலம் பற்றியது. இவை இரண்டையும் பிரித்தறிந்து பார்ப்பதே வரலாறு பயில்வோரின் கடமை.

முதலாண்டின் கணக்கைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சல்ஸ் அணி 1987-88இல் 68 புள்ளிகளே பெற்றிருந்தது. கிரெட்ஸ்கி வந்த பருவத்தில் 91 புள்ளிகளுக்கு உயர்ந்தது. எட்மன்டன் 99இலிருந்து 84க்குத் தாழ்ந்தது. கார்சன் புதிய அணிக்காக 49 கோல்களும் 100 புள்ளிகளும் ஈட்டினார். எந்த அளவுகோலாலும் சிறந்த ஆட்டமே. 1989 ஏப்ரலில், கோப்பைக்கான முதற்சுற்றிலேயே இரு அணிகளும் எதிர்ப்பட்டன. எட்மன்டன் மூன்றுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தது. கிங்ஸ் அணி அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று, பழைய வெற்றி வீரர்களை வெளியேற்றியது. அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் பரிசும் கிரெட்ஸ்கிக்கே கிடைத்தது. 1989 வசந்தத்தில் இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறியிருந்தால், எட்மன்டன் ஏமாந்தது என்றே எவரும் கூறியிருப்பர்.

ஆனால் வரலாறு ஓராண்டோடு நிற்பதன்று. கிரெட்ஸ்கியின் இடத்தில் நிற்கும் சுமை கார்சனை அழுத்தியது. அடுத்த பருவம் தொடங்கியவுடன் அவர் எட்மன்டனில் தொடர்ந்து ஆட விரும்பவில்லை. 1989 நவம்பர் 2ஆம் நாள், அணி நிர்வாகி கிளென் சேதர் அவரையும் கெவின் மக்லெலண்டையும் டிட்ராயிட் அணிக்குக் கொடுத்து, நால்வரைப் பெற்றார். அவருள் மூவர் முக்கியமானவர்: ஜோ மர்ஃபி, ஆடம் கிரேவ்ஸ், செக்கோஸ்லோவாகியா நாட்டினரான பெட்ர் கிளீமா. நூறு புள்ளி எடுத்த ஒருவரைக் கொடுத்து, பெயர் பெறாத மூவரை வாங்கியது பலருக்கு நகைப்பாகத் தோன்றியிருக்கலாம். இவ்விரண்டாம் மாற்றமே முதலாம் மாற்றத்தின் பொருளைத் திருப்பிப் போட்டது.

1990ஆம் ஆண்டுக் கோப்பைப் போட்டியில் மர்ஃபி, கிரேவ்ஸ், ஜெலினா ஆகிய மூவரும் ஒரே வரிசையாக இறங்கினர். மூவரும் 22 வயதைத் தாண்டாதவர்கள்; ரசிகர்கள் அவர்களைச் சிறுவர் வரிசை என்று செல்லமாக அழைத்தனர். முன்னணி வரிசையினர் களைத்து அமரும்போதெல்லாம் இச்சிறுவர் இறங்கி எதிரணியை அலைக்கழித்தனர். முதற்சுற்றில் வின்னிபெக் அணியிடம் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கி, பின் மூன்றையும் வென்று எட்மன்டன் தப்பியது. அடுத்த சுற்றில் எதிர்ப்பட்டது லாஸ் ஏஞ்சல்ஸ். கிரெட்ஸ்கி முதுகுக் காயத்தால் நலிந்திருந்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் நான்கு ஆட்டங்களையும் எட்மன்டனே வென்றது. பின்பு சிகாகோவையும் வென்று, இறுதிக்குச் சென்றது.

இறுதியில் எதிரி, அப்பருவத்தில் லீக்கிலேயே மிகுதியான புள்ளி பெற்ற பாஸ்டன் அணி. மே 15ஆம் நாள் நடந்த முதல் ஆட்டம் நம் பேச்சிற்கு ஓர் உரைகல். அறுபது நிமிடங்கள் முடிந்தும் இரு அணிகளும் இரண்டிரண்டு கோலோடு நின்றன. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு என்று நீண்டு மூன்றாவதும் தொடங்கியது; நள்ளிரவு கடந்தது; முன்னணி ஆட்டக்காரர்களின் கால்கள் தளர்ந்தன. பயிற்சியாளர் ஜான் மக்லர், ஆட்டத்தின் பெரும்பகுதி பெஞ்சிலேயே உட்காரவைத்திருந்த கிளீமாவைக் களத்தில் இறக்கினார். களைப்பறியாத கால்களோடு இறங்கிய அவர், கூடுதல் நேரத்தின் 55 நிமிடம் 13 வினாடியில் வெற்றிக் கோலைப் போட்டார். கோப்பையின் இறுதிப் போட்டி வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் அது. கிரெட்ஸ்கிக்கு மாற்றாகக் கார்சன், கார்சனுக்கு மாற்றாகக் கிளீமா. அந்தக் கிளீமாவும் பெஞ்சின் கோடியில் இருந்தவர். கூழையின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமா? மே 24ஆம் நாள் நான்குக்கு ஒன்று என்று எட்மன்டன் ஐந்தாம் கோப்பையைக் கைப்பற்றியது.

இங்கே நாம் அவசரப்படாமல் ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும். 1990இன் வெற்றி கிரெட்ஸ்கியை மாற்றியதால் வந்ததா? அணியின் ஆட்டக்காரர்களை அவர்கள் வந்த வழியை வைத்துப் பிரித்தால் விடை தெளியும். முதல் வகை, தொடக்க ஆண்டுகளில் சேர்ந்து ஐந்து கோப்பைகளிலும் பங்கு கொண்ட எழுவர்: மெஸ்ஸியே, குர்ரி, ஆண்டர்சன், லோ, ஃபூர், சார்லி ஹடி, ராண்டி கிரெக். இவருள் அணித்தலைவர் மெஸ்ஸியே அவ்வாண்டின் ஹார்ட் பரிசைப் பெற்றார். இரண்டாம் வகை, வேறு பழைய மாற்றங்களால் வந்தவர். பால் காஃபியை 1987இல் பிட்ஸ்பர்க் அணிக்குக் கொடுத்தபோது வந்த கிரெய்க் சிம்ப்சன், 1990 கோப்பைப் போட்டியில் 16 கோல் போட்டு முதலிடம் பெற்றார். ஆண்டி மூக்கை 1988இல் பாஸ்டனுக்குக் கொடுத்தபோது வந்த பில் ரான்ஃபர்டு, ஃபூர் உடல்நலம் குன்றியிருந்த அவ்வாண்டில் 22 ஆட்டங்களிலும் வலையைக் காத்து, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசைப் பெற்றார். எதிரே பாஸ்டன் வலையைக் காத்தவருள் ஒருவர் அந்த மூக்கே. மூன்றாம் வகையே கிரெட்ஸ்கி மாற்றத்தின் வழிவந்தது: ஜெலினாவும், கார்சன் வழியாக வந்த மூவரும்.

ஆகவே, நால்வர் கொண்ட அந்த மூன்றாம் வகை வெற்றிக்குத் துணைநின்றது உண்மை. வெற்றிக்கு அடித்தளம் முதல் வகையே. இருபது பேருக்குள் ஒருவரை இழந்தும் வென்றனர் என்பது, மற்றவர் எவ்வளவு வலிமை உடையவராய் இருந்தனர் என்பதைக் காட்டுமேயன்றி, அவ்வொருவர் தேவையற்றவர் என்று காட்டாது. கிரெட்ஸ்கி இருந்திருந்தால் இன்னும் எத்தனை கோப்பைகள் வந்திருக்கும் என்பது எவராலும் அளந்து சொல்ல இயலாத கணக்கு.

மாற்றத்தில் வந்த மூன்று தேர்வு உரிமைகள் என்னவாயின? 1989க்கு உரியதை எட்மன்டன் நியூ ஜெர்சி அணிக்குக் கொடுத்து விட்டது. நிலையான ஆதாயம் விளையவில்லை. 1991க்கு உரியதால் மார்ட்டின் ருசின்ஸ்கி என்பவரை எடுத்து, சில மாதங்களிலேயே க்யூபெக் அணிக்கு அனுப்பிவிட்டது. 1993க்கு உரியதால் எடுத்த இளைஞர் லீக்கில் ஆடியது இரண்டே ஆட்டங்கள். வித்து கிடைத்தது; விளைநிலம் பேணப்படவில்லை. கிரெட்ஸ்கியை விற்றுப் பெற்ற பெரும்பணமும் அணியைக் கட்டிக்காக்கவில்லை. 1990இல் குர்ரி இத்தாலி சென்றார். 1991இல் ஃபூரும் ஆண்டர்சனும் டொரான்டோ அணிக்கும், மெஸ்ஸியே நியூ யார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கும் போயினர். சம்பளம் கொடுத்து அவர்களைத் தக்கவைக்க அச்சிறிய நகரத்து அணியால் இயலவில்லை. 1994இல் ரேஞ்சர்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதில் முன்னாள் எட்மன்டன் ஆட்டக்காரர் எழுவர் இருந்தனர். மெஸ்ஸியே அதற்கும் தலைவர். சிறுவர் வரிசையின் கிரேவ்ஸும் அவருள் ஒருவர். எட்மன்டன் 2006, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் இறுதிக்கு வந்தும் கோப்பையைத் தொடவில்லை.

மறுபக்கத்தையும் காண்போம். லாஸ் ஏஞ்சல்ஸ் அணி 1993இல் இறுதிக்கு வந்து மான்ட்ரியாலிடம் தோற்றது. கிரெட்ஸ்கி 1996இல் செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் அணி முதன்முதலாகக் கோப்பை வென்றது 2012இல்தான். ஆட்ட வெற்றியைக் கொண்டு அளந்தால் அவர்களுக்கும் முழு ஆதாயம் இல்லை. ஆயினும் பனியறியாத நாட்டில் அரங்கம் நிறைந்தது. சிறுவர் பனிச் சறுக்கு பயின்றனர். கலிபோர்னியாவில் 1991இல் சான் ஹோசேயிலும், 1993இல் அனஹைமிலும் புதிய அணிகள் தோன்றின. ஓர் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தின் எல்லையையே விரித்தார்.

இதனோடு ஒப்புநோக்க மற்றொரு வழக்கு உண்டு. எரிக் லிண்ட்ராஸ் என்னும் இளைஞரை 1991இல் க்யூபெக் நார்டிக்ஸ் அணி முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது; அவர் அங்கு ஆட மறுத்துவிட்டார். 1992இல் அவரைப் பிலடெல்பியாவிற்குக் கொடுத்து, ஸ்வீடன் நாட்டு பீட்டர் ஃபோர்ஸ்பர்க் உட்பட ஆறு பேரையும், தேர்வு உரிமைகளையும், 1.5 கோடி டாலரையும் க்யூபெக் பெற்றது. லிண்ட்ராஸ் 1995இல் ஹார்ட் பரிசு பெற்றார். ஆனால் கோப்பை பெறவில்லை. க்யூபெக் அணியோ 52 புள்ளியிலிருந்து ஒரே ஆண்டில் 104 புள்ளிக்கு உயர்ந்தது. அங்கே வந்த ஆள்பலத்தை மேலும் பெருக்கினர். லிண்ட்ராஸ் மாற்றத்தில் வந்த உரிமையால் எடுத்த ஜோஸ்லின் திபோவும், எட்மன்டன் கைவிட்ட ருசின்ஸ்கியும் வேறொருவரோடு சேர்ந்து 1995 டிசம்பரில் மான்ட்ரியாலுக்குச் செல்ல, மாற்றாக வந்தவர் புகழ்பெற்ற வலைகாப்பாளர் பாட்ரிக் ருவா. 1996இல் அவ்வணி கோப்பையை வென்றது. கிரெட்ஸ்கிக்கு ஈடாக வந்த வித்து, விதைத்தவன் கையில் முளைக்காமல் அடுத்தவன் வயலில் விளைந்தது.

ஆனால், நேயர்களே, அக்கோப்பையைக் க்யூபெக் மக்கள் கொண்டாடவில்லை. 1995இலேயே பணமுடையால் அணி முழுவதும் அமெரிக்காவின் டென்வர் நகருக்கு விற்கப்பட்டு, கொலராடோ என்னும் பெயரோடு ஆடிக்கொண்டிருந்தது. எட்மன்டன் தாரை இழந்து, பின் கூழையையும் இழந்தது. க்யூபெக் தாரைக் கொடுத்துக் கூழையை வளர்த்து, பின் படையையே இழந்தது. வடநாட்டுச் சிறு நகரங்கள் வளர்த்த ஆற்றல், தென்னாட்டுப் பெருஞ்செல்வத்தை நோக்கி ஓடிய ஒரு காலத்தின் இருவேறு காட்சிகள் இவை.

இனி என் தீர்ப்பைச் சொல்கின்றேன். ஒரு பெருவீரரை மாற்றிக் கொடுப்பது தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அம்மாற்றத்தால் வந்தவற்றைக் கொண்டு அடுத்த பத்தாண்டுகளில் என்ன செய்தனர் என்பதிலேயே அதன் பயன் இருக்கின்றது. எட்மன்டன் அணியைத் தளர்த்தியது கிரெட்ஸ்கியின் பிரிவு அன்று. அவர் இல்லாமலும் வெல்ல இயலும் என்பதை அவர்கள் இரண்டே ஆண்டில் மெய்ப்பித்தனர். அவர்களைத் தளர்த்தியது, 1979 முதல் 1981 வரை காட்டிய கூர்மையோடு புதிய இளைஞரைத் தேடிச் சேர்க்காமையும், விற்பனைப் பணத்தை மீண்டும் ஆள்பலமாக மாற்றாமையுமே. பழைய கூழையின் வலிமையால் ஐந்தாம் கோப்பை கிடைத்தது. புதிய கூழை இன்மையால் ஆறாவது கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புள்ளிகளையும் டாலரையும் எண்ணும் கணக்கேட்டில் ஒரு பத்தி எப்போதும் வெறுமையாகவே இருக்கும். பதினேழு வயதில் ஒருமுறையும், இருபத்தேழு வயதில் ஒருமுறையும் விற்கப்பட்ட அம்மனிதரின் கண்ணீருக்கும், அவரைத் தம் பிள்ளையாக எண்ணிய ஒரு நகரத்தின் ஏக்கத்திற்கும் அங்கே இலக்கம் இல்லை. மறு ஆண்டே, 1989 ஆகஸ்டில், எட்மன்டன் மக்கள் தம் அரங்கத்தின் வாயிலில் கிரெட்ஸ்கிக்குச் சிலை எடுத்தனர். அந்த அக்டோபரில் அதே அரங்கில், எதிரணியின் உடையோடு நின்று, கார்டி ஹோ என்பாரின் 1,850 புள்ளிகள் என்னும் பழைய எல்லையை அவர் கடந்தபோது, தம் அணிக்கு எதிராகப் போடப்பட்ட கோல் அது என்பதையும் மறந்து மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர்.

மாணவர்களே, உங்கள் பள்ளி அணியிலும் ஒரு கிரெட்ஸ்கி இருக்கலாம்; அவரைப் போற்றுங்கள். ஆனால், இன்று பெஞ்சின் கோடியில் அமர்ந்திருப்பவர் யார், அவருக்கு ஆடப் பழகும் வாய்ப்புக் கிடைக்கின்றதா என்பதையும் கேளுங்கள். ஆட்டம் நள்ளிரவு கடந்து நீளும் நாளில், உங்கள் அணி திரும்பிப் பார்ப்பது அவரையே.